சகலையின் பத்லி ஃபேன்

ஹாலில் கிடக்கும் திவானில் மல்லாந்து படுத்தால் கண்ணுக்கு நேரே ஒரு பச்சை வளையம் தெரிகிறது. சில நாட்களாகத்தான் இந்தத் தொல்லை. எங்கள் பழைய சீலிங் ஃபேன் முனகி முனகி ஒரு மத்தியானம் நின்றுபோனது. கம்பெனிக்குப் போன் செய்தோம். அன்று சாயங்காலமே ரிப்பேர் மிஸ்திரி வந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் வேறொன்றை மாட்டிவிட்டுப் போனார். மூன்று இறக்கைகளின் நுனியிலும் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டை. நிற்கும்போது பார்த்தால் முனிசிபல் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்ததும் மூன்று பட்டைகளும் ஒன்றாகிக் கூரையில் காம்பஸ் வைத்துப் போட்டாற்போல ஒரு வட்டமாகிவிடும். கொல்கத்தாவில் இதற்குப் பத்லி ஃபேன் என்று பெயர். நம்முடையது பழுது பார்க்கப் போயிருக்கும் நாட்களில் அதன் இடத்தில் வேலை செய்ய வந்திருக்கும் மாற்று ஃபேன். இன்று மற்ற கம்பெனிகளும் இப்படிக் கொடுக்கின்றன. நானறிந்து இந்த ஊரில் முதலில் கொடுத்தது எங்கள் கம்பெனி. கம்பெனிக்குள் முதலில் சொன்னவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். மத்தியானத்தில் ஏன் தூக்கம் வருவதில்லை என்று டாக்டர் கேட்டார். காற்று போதவில்லை என்று சொல்லிவைத்தேன்.

நான் அந்தக் கம்பெனியின் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளிக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பவர் என்று என் மாமியார் கடைசிவரை நம்பினார். அதைத் திருத்த நான் எடுத்த முயற்சிகள் அவருடைய நம்பிக்கையை உறுதிப்படுத்தத்தான் உதவின. இயக்குநர் குழுவைக் கூட்டுவது, தீர்மானங்களை எழுதுவது, பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கை அனுப்புவது, சட்டம் எதை அனுமதிக்கிறது எதை அனுமதிக்கவில்லை என்று தலைவரின் காதில் சொல்வது, இவைதான் என் வேலை. எந்தக் காரியத்தையும் எந்த வழியாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அதைச் சொல்ல சகலை இருந்தார்.

அவர் சர்வீஸ் பிரிவில் இருந்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போலவே அவருடைய பெரியவர்களும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் என் தமிழ் எந்த ஊர்த் தமிழும் இல்லாமல் போய்விட்டது. அவர் வேலைக்காகத்தான் கொல்கத்தா வந்தார் என்பதால் அவருடைய பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. என் மனைவியின் தங்கைக்கு வரன் பார்த்தபோது, ஒரே கம்பெனியில் இருப்பவன் என்பதால் பையன் எப்படி என்று மாமனார் என்னிடம் கேட்டார். "ஒழுக்கமானவர், ஆனால் காகித விஷயத்தில் கொஞ்சம் அலட்சியம்" என்று உள்ளதைச் சொன்னேன். முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அலுவலகத்தில் அவர் என்னை "செக்ரட்டரி சார்" என்பார். படிக்கட்டில் இறங்கும்போது "சகலை" ஆகிவிடுவேன். எந்தப் படியில் சார் முடிந்து சகலை தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை.

மாமனார் ஹூக்ளிக் கரையிலிருந்த ஒரு சணல் மில்லில் ஆட்கள் வருகையைப் பதியும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெஹாலாவில் இரண்டு அறை வீடு. ஒரு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். வாசல் அறையிலிருந்த ஃபேன் அன்று காலைதான் நின்றுபோயிருந்தது. கொல்கத்தா வைகாசியை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. மாமனார் பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு மாப்பிள்ளையும் ஃபேன் கம்பெனி. வீட்டுல காத்துக்கு வழியில்ல. எங்க மில்லுல ஒருத்தன் வரலைன்னா தறி நிக்குமா? கேட்டுல பத்லிக்காரன் நிப்பான், கூப்பிட்டு ஏத்திவிட்டுருவோம். உங்க கம்பெனியில ஃபேனுக்குப் பத்லி கிடையாதா மாப்ளே?"

பத்லி என்பது இங்குள்ள மில்களின் சொல். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் இடத்தில் வேலை செய்பவன் பத்லி. மில்லையே பார்க்காதவர்களும் இந்த ஊரில் அந்தச் சொல்லை அறிவார்கள். நான் மாமனாருக்கு நடைமுறையை விளக்கினேன். ஃபேனை வாங்கின கடையில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், கடையிலிருந்து டிப்போவுக்குப் போகும், டிப்போவிலிருந்து ஃபேக்டரிக்கு, பிறகு அதே வழியில் திரும்பும் என்றேன்.

"முறைப்படி வந்துரும் மாமா."

"வரட்டும். அதுவரைக்கும் நான் முறைப்படி வேத்துக்கிட்டு இருக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். சகலை சிரிக்கவில்லை. மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டு, நின்றுபோன ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் எங்கிருந்தோ ஒரு ஃபேனைக் கொண்டுவந்து தானே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டுப் போனாராம். எந்தக் கணக்கில் எடுத்தார், கம்பெனி கேட்டில் எந்தச் சீட்டைக் காட்டினார் என்று நான் கேட்டேன். "சொந்தக் காசுல வாங்குனேன் சகலை, பயப்படாதிய" என்றார்.

இதை நான் பல மத்தியானங்கள் யோசித்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல் எங்கள் இருவர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. கேட்கும் சக்தி எனக்கு அவரைவிட நன்றாகவே இருந்தது. அவர் ஃபேக்டரிச் சத்தத்தில் ஒரு காதைக் கொஞ்சம் இழந்திருந்தார். ஒரே வாக்கியம் என் காதில் வயதானவரின் முணுமுணுப்பாகவும் அவர் காதில் வியாபாரமாகவும் நுழைந்தது. இதைத் திறமை என்று சொன்னால் நான் வாதாடலாம். அதிர்ஷ்டம் என்றால் ஆறுதல் அடையலாம். இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று என்பதுதான் மத்தியானத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மழை தொடங்குவதற்குள் அவருடைய திட்டம் என் மேஜைக்கு வந்துவிட்டது. ஃபேன் பழுது என்று வாடிக்கையாளர் சொன்ன அன்றே ஒரு நல்ல ஃபேனைக் கொண்டுபோய் மாட்டுவது, பழுதானதை எடுத்து வருவது, சரிசெய்த பிறகு மாற்றிக்கொள்வது. இவ்வளவுதான். இயக்குநர் குழுவின் முன் எதை வைத்தாலும் அதனுடன் என் குறிப்பு ஒன்று போக வேண்டும் என்பது வழக்கம். எழுதினேன். இப்படிக் கொடுக்கப்படும் ஃபேன் விற்பனைச் சரக்கா, கம்பெனியின் சொத்தா, மாதிரிப் பொருளா? எந்தத் தலைப்பிலும் சேராத பொருளைக் கம்பெனி வெளியே அனுப்ப முடியாது. வாடிக்கையாளர் திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது? கம்பெனியின் சொத்து என்றால் கணக்குத் தணிக்கை செய்பவர் அதை எப்படி அடையாளம் காண்பார்? கேள்விகள் எல்லாமே நியாயமானவை. இன்றும் அவற்றில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

டல்ஹவுசிப் பக்கம் எங்கள் தலைமை அலுவலகத்தில் குழு கூடியது. விளக்கம் சொல்ல சகலையை உள்ளே அழைத்தார்கள். தலைவர் என் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திருப்பித் தராவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். சகலை சற்றும் யோசிக்காமல், திருப்பித் தரவில்லை என்றால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் ஒரு புது ஃபேன் சத்தமில்லாமல் ஓடிப் பழகிவிட்டால், பழைய ஃபேன் திரும்பி வரும்போது அதை யார் ஏற்றுக்கொள்வார்கள், பழையதன் விலையைக் கழித்துக்கொண்டு வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளலாம், கடைக்கு வராத வாடிக்கையாளர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து வாங்குகிறார் என்றார். தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்தால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று பொருள். அதற்கும் ஒரு நடைமுறை உண்டு, அதை நான் எழுதிக்கொள்வேன்.

லிஃப்ட் வழக்கம்போல் நின்றிருந்ததால் படியில் இறங்கினோம். சகலை என் தோளில் கை வைத்தார்.

"நல்ல கேள்வி கேட்டிய சகலை. நீங்க அப்படிக் கேக்கலைன்னா அந்தப் பதில் எனக்கே தோணியிருக்காது. உள்ள போற வரைக்கும் நான் திருப்பி வாங்குறதைப் பத்தித்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

இதை அவர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அதுதான் பொறுக்க முடியவில்லை. குத்திக் காட்டியிருந்தால் நானும் ஒன்று சொல்லியிருப்பேன்.

மிச்சமிருந்தது அடையாளம். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடனாகக் கொடுக்கும் ஃபேன் கம்பெனியின் சொத்து. சொத்துக்கு அடையாளம் வேண்டும். எண் பொறித்த தகடு போதும் என்றார் சகலை. தகடு மோட்டாரின் மேல்பக்கத்தில் இருக்கும். தணிக்கை செய்ய வருபவர் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டூல் கேட்டு ஏற மாட்டார். ஆகவே "தரையில் நின்று பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் அடையாளம்" என்று நான் எழுதினேன். தொங்குகிற பொருளைச் சரிபார்ப்பது பற்றி இந்த நாட்டில் என்னளவுக்கு யோசித்தவர் இருக்க முடியாது. எங்கள் பெஹாலா ஃபேக்டரியில் இயந்திரங்களின் மூடிகளுக்கு அடித்தது போக மீந்த பச்சைப் பெயிண்ட் இருந்தது. ஒரு இறக்கையில் மட்டும் அடித்தால் எடை கோணி ஃபேன் ஆடும் என்று மூன்றிலும் அடித்தார்கள். முதல் ஃபேனைப் பரிசோதனைக்கு மாட்டியபோது நான் அங்கே இருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. சகலை முகத்தைச் சுளித்து, "யார் வீட்டுல சகலை இதை மாட்ட விடுவாங்க?" என்று காதோரம் கேட்டார். விதி விதிதான் என்றேன். பிறகு ஒருவர் சுவிட்சைப் போட்டார். பட்டைகள் கரைந்து வளையமானதும் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள். சகலை வாயைத் திறந்தபடி நின்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார் என்று நம்ப எனக்கு ஆசை. ஆதாரம் இல்லை.

அதன் பிறகு நடந்ததற்கு நான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வளையம் காரணம். கொல்கத்தா வீடுகளின் ஜன்னல்கள் தெருவைப் பார்த்து அகலமாகத் திறந்திருக்கும். விளக்கேற்றிய பிறகு சந்துகளில் நடந்தால் கம்பிகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக் கூரையும் தெரியும். அந்த வருஷம் துர்கா பூஜை முடிந்து குளிர் தொடங்குவதற்குள் பெஹாலாவிலும் டாலிகஞ்சிலும் பச்சை வளையங்கள் முளைத்துவிட்டன. விருந்தாளிகள் உட்காருவதற்கு முன் மேலே பார்த்து "ஏட்டா கீ?" என்று கேட்டார்கள். இது என்ன என்று கேட்பவருக்கு வீட்டுக்காரர் பத்லி கதையைச் சொன்னார். எங்கள் விளம்பரப் பிரிவு லட்சங்கள் செலவழித்துச் சொல்ல முடியாததை வீட்டுக்கு வீடு சும்மாவே சொன்னார்கள். பத்லியைத் திருப்பித் தர மறுத்தவர்கள் வித்தியாசத்தைக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். அதில் சிலர் பச்சையை அழிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். கடைக்காரர்கள் எங்கள் ஃபேனை முன்வரிசையில் தொங்கவிட்டார்கள். சாந்த்ராகாச்சி கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த சரக்கு நகர்ந்தது. கழித்து வாங்கிய பழைய ஃபேன்களைச் சரிசெய்து குறைந்த விலைக்கு விற்க இன்னொரு பிரிவு வந்தது. நான் தினமும் சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போகிறவன். ஜன்னல் ஜன்னலாக என் அடையாளம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குள் இருந்தவர்கள் சகலையின் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பங்குதாரர் கூட்டத்துக்குத் தலைவரின் உரையை எழுதுவது என் பொறுப்பு. வாடிக்கையாளருக்கு நன்மை செய்யாத புதுமை பங்குதாரருக்கும் நன்மை செய்யாது, ஒருவரின் வியர்வையைத் துடைத்தால் மற்றவரின் ஈவுத்தொகை தானாக உயரும் என்று எழுதினேன். நல்ல வாக்கியம். அதைத் தொடர்ந்து, இந்தப் புதுமையைக் கொண்டுவந்த நம் சர்வீஸ் மேலாளர் என்று சகலையைப் பாராட்டி ஒரு பத்தி. அதையும் நானே எழுத வேண்டியிருந்தது. மூன்று முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் ஒரு அடைமொழி குறைந்தது. தலைவர் படித்துவிட்டு, கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்று சொல்லித் தன் கையால் இரண்டைச் சேர்த்தார்.

கொல்கத்தாவில் பங்குதாரர் கூட்டம் என்பது ஒரு சந்தேஷ் இனிப்பும் சமோசா மாதிரியான ஒரு ஷிங்காராவும் அடங்கிய அட்டைப் பெட்டிக்காக நடப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. முழுத் தவறு என்று சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஷிங்காரா ஆறிப்போயிருக்கிறது என்று முறையிடும் ஒரு வயதான வங்காளி அம்மாள் இருந்தார். அந்த வருஷமும் எழுந்தார். நான் ஷிங்காராவுக்குப் பதிலுடன் தயாராக இருந்தேன். அவர் வேறு சொன்னார். தன் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்துவிட்டுத்தான் கீழே உட்காருகிறார்கள், தன் அக்காவும் இப்போது இதே ஃபேன் வேண்டும் என்கிறாள், அந்தப் பச்சை வளையத்தை யோசித்தவர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அரங்கத்தில் கைதட்டல். நான் மேடையில் கடைசி நாற்காலியில் காகிதங்களுடன் இருந்தேன். பங்குதாரரின் கேள்விக்குத் தலைவரோ அவர் அனுமதிப்பவரோதான் பதில் சொல்லலாம். அந்த விதியை மற்றவர்களுக்கு நினைவுபடுத்துவதே என் வேலை. தலைவர் என் பக்கம் திரும்பியிருந்தால் ஒரு வார்த்தை போதும். அவர் முன்வரிசையில் இருந்த சகலையைப் பார்த்துக் கையை நீட்டினார். சகலை எழுந்து, பாதி குனிந்து, இது எல்லோரும் சேர்ந்து செய்தது என்றார். மறுபடி கைதட்டல். எல்லோரும் என்பதற்குள் நானும் இருந்தேன். கேன்டீன்காரரும் இருந்தார். எனக்கு வேண்டியிருந்தது பணமோ பதவியோ இல்லை, பச்சை இவர் போட்டது என்ற ஒரே ஒரு வாக்கியம். அதை ஒருவர் சொல்லியிருந்தால் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றியிருப்பேன். சொல்லப்படாததை ஏற்ற முடியாது.

பதவி வேண்டாம் என்று சொன்னேனே, அது முழுவதும் சரியில்லை. அடுத்த வருஷம் இயக்குநர் குழுவில் அதிகாரிகளில் ஒருவருக்கு இடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. என் பெயரும் பேசப்பட்டது என்று கேள்விப்பட்டேன். சகலை வந்தார். கூட்டக் குறிப்பில் இரண்டு தலைப்புகள் உண்டு. இயக்குநர்களின் பெயர்கள் 'வந்திருந்தோர்' என்பதன் கீழ் வரும். செக்ரட்டரியின் பெயர் 'உடனிருந்தோர்' என்பதன் கீழ் வரும். சட்டப்படி நான் அறையில் இருந்தாலும் வந்தவன் ஆக மாட்டேன். சகலையின் பெயரை முதல்முறையாக மேல் தலைப்பின் கீழ் எழுதியபோது எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் பச்சைப் பட்டை கதையைச் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேண்டாம்னு எழுதுனீங்க. அவரு வேணும்னு செஞ்சாரு. அவ்வளவுதான?"

"வேண்டாம்னு எழுதலை. கேள்வி கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான், நீங்க கேக்குற விதத்துல."

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி அதிகாரிகள் தங்கள் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ முன்அனுமதி பெற வேண்டும். அனுமதி கொடுப்பவன் நான். என்னுடையதற்குத் தலைவர் கையெழுத்து. பத்லி திட்டம் ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்டு, விதிப்படி விற்கலாம் என்று ஆன முதல் வாரத்தில், அந்தத் திட்டம் தேறாது என்ற என் சொந்தக் கணிப்பின்பேரில் நான் வைத்திருந்த பங்குகளை விற்றேன். அதே வாரம் சகலையின் விண்ணப்பமும் என் மேஜைக்கு வந்தது. வாங்குவதற்கு. எல்லாம் சரியாக இருந்ததால் அனுமதி கொடுத்தேன். "தைரியமா வாங்குறீங்களே" என்று மட்டும் கேட்டேன். "சொன்னவனே வாங்கலைன்னா வேற எவன் சகலை வாங்குவான்?" என்றார். அவர் இன்னும் அந்தப் பங்குகளை வைத்திருக்கிறார். பெஹாலாவில் மாமனாரின் பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக்கொண்டது அவற்றின் ஈவுத்தொகையில்தான் என்று மைத்துனி பெருமையாகச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் "அத்தான், உங்களுக்குத் தெரியாததா" என்று முடிப்பாள்.

இப்போது நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். தமிழ் வருஷப் பிறப்பும் வங்காளிகளின் புத்தாண்டும் அடுத்தடுத்து வருவதால் அந்த நாட்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சாப்பிடப் போவது வழக்கம். இந்த முறை எங்கள் வீடு. பத்லி மாட்டி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. உள்ளே வந்த சகலை செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்தார். சாப்பாட்டு மேஜையும் அதே ஹாலில், திவானை ஒட்டி இருக்கிறது. குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்தோம். மனைவி சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மைத்துனி பால்கனியில் நின்று பெங்களூரிலிருக்கும் மகளுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சகலை கையில் ரசத்தை ஏந்திக் குடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி வளையத்தைப் பார்த்தார்.

"இந்தப் பச்சை மட்டும் இல்லேன்னா சகலை, பத்லி ஒரே வருஷத்துல படுத்திருக்கும். எவன் கண்ணுல பட்டிருக்கும் சொல்லுங்க. நீங்க போட்ட பச்சைதான் அதைத் தூக்கி நிறுத்திச்சு. எங்கயாவது சொல்லணும்னு நினைப்பேன். பேச்சு வேற பக்கம் போயிரும்."

என் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. இத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம் இதுதான். ஆனால் அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கேட்க ஆளில்லாத சொல் குறிப்பில் ஏறாது என்று வாழ்நாள் முழுவதும் கூட்டம் நடத்தியவனுக்குத் தெரியும். சமையலறைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்க ஒரு நிமிஷம் வா. தம்பி என்னமோ சொல்றார்."

அவள் அப்பளத் தட்டுடன் வந்து நின்றாள். "என்ன தம்பி?"

"இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க சகலை."

சகலை அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார்.

"ரசம் பிரமாதம்னு சொன்னேன் மதினி. கொஞ்சம் ஊத்துங்க."

"இதுக்கா கூப்பிட்டீங்க?" என்றாள் மனைவி. "உங்களுக்கு ரசத்துக்குக்கூட சாட்சி வேணும்."

அவர் வேண்டுமென்றே செய்தாரா, காது சரியாகக் கேட்கவில்லையா, மதினி முன்னால் கூச்சமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மீசையின் ஓரம் லேசாக நெளிந்தது போலிருந்தது. ரசத்தின் காரமாகவும் இருக்கலாம். போகும்போது வாசலில் "வாரேன் சகலை" என்று சொல்லி என் தோளில் கை வைத்தார், அன்று படிக்கட்டில் வைத்தது போலவே.

இன்று காலை மிஸ்திரி வந்தார். எங்கள் பழைய ஃபேனைத் துடைத்து, புது பேரிங் போட்டு, துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "மேஷோமொஷாய், பத்லியை இறக்கட்டுமா, வைத்துக்கொள்கிறீர்களா?" என்று வங்காள மொழியில் கேட்டார். இங்கே வயதானவரை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது. நேர்ப் பொருள் தாயின் சகோதரி கணவர். அதாவது யாரோ ஒருவருக்குச் சகலை. இறக்குங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் சுவிட்சை நிறுத்தினார். வளையம் மெதுவாக உடைந்து, மூன்று அசிங்கமான பட்டைகளாக எனக்கு மேலே வந்து நின்றது. தரையிலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"இருக்கட்டும்" என்றேன்.

மிஸ்திரிக்கு ஆச்சரியமில்லை. பாதிப்பேர் இப்படித்தான் சொல்வார்களாம். பழையதைக் கழித்துக்கொள்ளும் முறையை அவர் எனக்கு விளக்கினார், செக்ரட்டரியாக நான் அன்று எழுதிக்கொடுத்த அதே வரிசையில், ஒரு படியும் தவறாமல். மனைவி போனை எடுத்து வித்தியாசத்தைக் கட்டினாள். என்னுடைய பச்சையை நான் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதில் ஒரு துளி கம்பெனிக்குள் போய், லாபமாகி, வருஷ முடிவில் ஈவுத்தொகையாகப் பெஹாலாவில் ஒரு மாடி வீட்டுக்குப் போய்ச் சேரும். வாடிக்கையாளருக்கும் பங்குதாரருக்கும் ஒருசேர நன்மை. அந்த வாக்கியமும் என்னுடையதுதான்.

மிஸ்திரி போன பிறகு திவானில் மல்லாந்து படுத்தேன். வளையம் பழையபடி சுற்றுகிறது. காற்று நன்றாகத்தான் வருகிறது.